சரிவில் நின்ற பாரம்

மூன்றாவது முறையும் பாடி முடித்தார் பொலோஞ்ஞாவிலிருந்து வந்த பாடகர் லாம்பெர்த்தோ. கல் அசையவில்லை.

மேடையின் வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு இறங்கும் பலகைச் சரிவின் உச்சியில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அசல் பளிங்கு. மரத்தில் அடித்து வெள்ளை பூசினால் போதும் என்றுதான் ஓபராவுக்கு இசையமைத்த எர்சிலியோ எழுதிக் கொடுத்திருந்தான். பளிங்கு மலையடி ஊரான கர்ராராவில் மரத்தைவிடப் பளிங்குதான் மலிவு என்று தியேட்டர் முதலாளி பிரோஸ்பெரோ அசலையே ஏற்றிவிட்டார். ஆறு குவிண்டால். மலையிலிருந்து இறங்குகிற கற்களோடு பார்த்தால் அது கைக்குழந்தை. ஆனால் ஒரு ஆளின் இடுப்பை முறிக்க அதில் பாதி போதும்.

"ஏய்யா, கல்லு ஏன் வரல?" பிரோஸ்பெரோ கீழே நாற்காலி வரிசையிலிருந்து கத்தினார்.

மலை தீட்டிய திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கூப்பிட்டா விடுவோம்."

"மூணு தடவ கூப்பிட்டாரேய்யா!"

"அதுவா கூப்பிடறது? அவரு பாடிக்கிட்டில்ல இருந்தாரு!"

கோரஸ் ஆட்கள் இருபத்து நாலு பேரும் சிரித்தார்கள். எல்லாரும் குவாரி ஆட்கள். விடியுமுன் மலை ஏறி, மதியம் இறங்கி, பூட்ஸில் வெள்ளைப் பொடியோடு நேராக ஒத்திகைக்கு வருகிறவர்கள். ஒருவருக்கும் இசை எழுத்து வாசிக்கத் தெரியாது. எர்சிலியோ பியானோவில் ஒரு விரலால் தட்டிக் காட்ட, காதால் கேட்டே மூன்று அங்கத்தையும் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

லாம்பெர்த்தோ கையைப் பிசைந்தார். "மேஸ்ட்ரோ, நான் பேப்பர்ல உள்ளத உள்ளபடி பாடறேன். இதுக்கு மேல என்ன செய்ய? அந்தக் கல்லு முன்னால நிக்கவே எனக்குத் தொடை நடுங்குது."

"கூப்பிடறவன் முன்னாலதான் நிக்கணும்" என்றது திரைக்குப் பின்னால் இருந்த அதே குரல். எர்சிலியோவின் அண்ணன் கலிஸ்தோவின் குரல். "பாரத்துக்கு முன்னால நிக்காதவன் வாயத் தொறக்கக் கூடாது. மலையில அதான் சட்டம்."

"ஒரு மணி வச்சுக்கலாமே?" என்றார் பிரோஸ்பெரோ. "இல்லன்னா நான் கைக்குட்டைய ஆட்டறேன்."

"மணிக்கும் கொடிக்கும் வேலை செய்யறவன் ரயில்வேயில இருப்பான், முதலாளி. வடம் மனுசக் குரலுக்குத்தான் போகும்."

கோரஸின் முன்வரிசையில் இருந்த தார்சீஸியோ கிழவர் மேலே பார்த்துச் சொன்னார்: "பாத்து விடு கலிஸ்தோ. இந்தத் தடவ கீழ நிக்கறவரு பெரிய சம்பளக்காரரு."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான சிரிப்பு.  எர்சிலியோ பியானோவின் மூடியைச் சாத்தினான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவனுக்கும் தெரியும், பிரோஸ்பெரோவுக்கும் தெரியும். மிலானிலிருந்து இசைப் பதிப்பாளரின் ஆள் நாளை மதியம் வருகிறார். எர்சிலியோவின் முதல் ஓபரா ஒரு பைசாந்திய ராணியைப் பற்றியது, ஓரளவு ஓடியது. அதை நம்பித்தான் பதிப்பாளர் அவனை வைத்துச் சோறு போட்டார். இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதை பார்மாவில் பார்த்தார்கள். மேல் அடுக்கிலிருந்து கேலியாக விசில் அடித்தே இரண்டாம் அங்கத்தில் திரையை இறக்க வைத்தார்கள். ஏட்டுக்கு ஏடு இன்னொருவன் குரல்தான் கேட்கிறது, இவன் குரல் எங்கே என்று ஒரு பத்திரிகை எழுதியது. இது நாலாவது. இதுவும் போனால், ஏதாவது ஒரு சிற்றூரில் தேவாலய ஆர்கனும் வாத்தியக் கோஷ்டிப் பையன்களும்தான் மிச்சம்.

"நீயே ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டேன் அந்த மனுசனுக்கு" என்றார் பிரோஸ்பெரோ, வெளியே வரும்போது. "நீ பார மேஸ்திரி மகன்தானே. சின்ன வயசுல யாரு குரல வேணும்னாலும் எடுப்பியாம். பாதிரியாரு குரலு, கழுதை குரலு எல்லாம். ஊரே சொல்லுது."

"தொண்டை சரியில்ல" என்றான் எர்சிலியோ.

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலை அவன் எடுத்ததில்லை.

குவாரியிலிருந்து கல் இறங்குவது இப்படி. கல்லை மரச்சட்டத்தில் ஏற்றி, சரிவில் சோப்பு தடவிய கட்டைகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் சறுக்கி விடுவார்கள். மேலே பாறையில் அடித்த மூன்று முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு வடம், நாலு சுற்று. ஒவ்வொரு வடத்துக்கும் ஒரு ஆள். முளையில் நிற்பவனுக்குக் கல் தெரியாது. கல்லுக்கு முன்னால், அது விழுந்தால் முதலில் சாகும் இடத்தில், மேஸ்திரி நிற்பார். பின்னால் விடுபட்ட கட்டையை வாங்கி முன்னால் போடுவார். 'விடூ...' என்று அவர் கூப்பிட்டால் ஒரு சாண் விடுவார்கள். 'நில்' என்றால் நிற்கும். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு ராகம் உண்டு, வேறு குரலோடு கலந்துவிடாமல் இருக்க. அவன் அப்பா கௌதென்ஸியோவுடையது, இரண்டு படி மேலே ஏறி, ஒரு கணம் நின்று, சட்டென்று கீழே விழும்.

பதிமூன்று வயதில் ஒரு காலை, முளைகளுக்கு மேலே கழிவுக்கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எர்சிலியோ, கீழே முளையில் நின்ற அண்ணனின் முதுகைப் பார்த்தான். சும்மாதான். அண்ணன் திடுக்கிட்டுத் திரும்புவான், ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவான், சிரிக்கலாம். அப்பாவின் குரலை எடுத்துக் கூப்பிட்டான்.

கலிஸ்தோ திரும்பவில்லை. வடத்தை விட்டான். மற்ற இரண்டு முளைகளும் பாறைக்கு அந்தப் பக்கம். மேலேயிருந்து வந்த இந்தக் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. மூன்றில் ஒரு வடம் தளர்ந்ததும் கல் ஒருபக்கமாகத் திரும்பியது. அப்பா அந்தப் பக்கம்தான் குனிந்து கட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எர்சிலியோ ஊற்றுக்கு ஓடினான். ஆட்கள் வந்து சொன்னபோது கையில் தண்ணீர்க் குடுவையோடு நின்றான். அப்பா கூப்பிட்டார், நான் கேட்டேன் என்று கலிஸ்தோ அழுதான். கூப்பிடவில்லை என்று மற்ற இருவரும் நீதிபதியிடம் சொன்னார்கள். அந்த இருவரில் ஒருவர் தார்சீஸியோ. அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் கலிஸ்தோவை வடத்தில் நிறுத்தவில்லை. கழிவுக்கல் வாரிக் கொட்டுகிற வேலைதான் கிடைத்தது. நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். தகப்பனில்லாத பிள்ளை என்று பாதிரியார் இரக்கப்பட்டு, எர்சிலியோவை லூக்கா நகர இசைப்பள்ளியில் சேர்த்தார்.

இந்த ஓபராவில் எதை எழுதினாலும் அப்பாவின் கூப்பாட்டின் அந்த மூன்று சுரங்களில்தான் வந்து நின்றது. எழுதினான். காகிதத்துக்குக் குரல் கிடையாது என்று தைரியம். மேடை வடத்துக்கு ஆள் தேவை என்றதும் அண்ணனைத்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஏதோ பாதியைத் திருப்பிக் கொடுத்ததுபோல அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் மதியம் தியேட்டரின் பின்முற்றத்தில் கலிஸ்தோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரொட்டி, வெங்காயம், மெல்லியதாக அரிந்த உப்புப் பன்றிக்கொழுப்பு. கத்திமுனையில் ஒரு துண்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"தின்னு. மிலான்ல இது கிடைக்காது."

"பசியில்லண்ணே."

"ராத்திரியும் திங்கலியாம். பிரோஸ்பெரோ சொன்னாரு. கல்லு வரும்டா, கவலப்படாத. அந்தப் பொலோஞ்ஞாக்காரனுக்குக் கொஞ்சம் வயித்துல இருந்து கத்தச் சொல்லு." மென்றுகொண்டே கேட்டான்: "அப்பாவோட கூப்பாட்டத்தான் எழுதிருக்கியாமே? தார்சீஸியோ சொல்றாரு. எனக்குத் தெரியவே இல்ல. ஜிகினா ஒட்டின மாதிரி பாடறான்."

"அதேதான்."

கலிஸ்தோ கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான். "நான் அன்னைக்குக் கேட்டேன்டா. தெளிவாக் கேட்டேன். பத்து வருசம் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேன். அப்பறம் சொல்றத விட்டுட்டேன். இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேள கை தானா விட்டுடுச்சோ, அப்பறமா மனசு ஒரு குரலச் சேத்துக்கிச்சோ." கத்தியை மடக்கினான். "நாப்பத்திரெண்டு வயசுல பைத்தியம் புடிக்குது பாரு."

எர்சிலியோவுக்கு வாய் திறந்தது. உள்ளேயிருந்து பிரோஸ்பெரோ கூப்பிட்டார், மிலான்காரர் வந்துவிட்டார் என்று. வாயை மூடிக்கொண்டு எழுந்து போனான்.

மிலான்காரர் துர்கோனி ஒல்லியான மனிதர். தொப்பியை மடியில் வைத்து, அதன்மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து, நடு வரிசையில் உட்கார்ந்தார். முதல் அங்கம் முழுக்க மூன்று வரி எழுதினார். கோரஸ் பாடும்போது மட்டும் நிமிர்ந்தார். குவாரி ஆட்கள் தொண்டை கிழியப் பாடினார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் பிரோஸ்பெரோவிடம். "கடுதாசியில நீங்க விடாமச் சொன்னீங்களே, நிஜமாவே கல்லு இறங்கும்னு. அது எப்போ?"

"இதோ, இப்பவே!"

இரண்டாம் அங்கம். லாம்பெர்த்தோ கல்லுக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றிலிருந்து பாடினார். கடைசிச் சுரத்தை நன்றாக நடுங்கவிட்டு முடித்தார். கல் அப்படியே இருந்தது. வாத்தியக்காரர்கள் அந்த நாலு அடியைத் திரும்ப வாசித்தார்கள். திரும்பவும் பாடினார். கல் அப்படியே இருந்தது.

துர்கோனி நோட்டை மூடினார். "அஞ்சு மணிக்கு ஒரு வண்டி இருக்கில்ல?" என்று பிரோஸ்பெரோவிடம் கேட்டது பியானோவரை எட்டியது.

எர்சிலியோ எழுந்தான். மேடையின் முன்விளிம்பில், பாடகர்களுக்கு வரி எடுத்துக்கொடுக்கிறவர் உட்காரும் குழி ஒன்று உண்டு. அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு உள்ளே இறங்கினான். அங்கே நின்றால் தலை மட்டும்தான் தெரியும். "மறுபடி" என்று வாத்தியக்காரர்களுக்குச் சைகை செய்தான். லாம்பெர்த்தோவிடம், "நீங்க வாய மட்டும் அசைங்க. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றான்.

அடி வந்தது. கையைக் குவித்து வாயோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கூப்பிட்டான்.

அது பாட்டு இல்லை. இரண்டு படி ஏறி, நின்று, கீழே விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த உலகத்தில் இல்லாத ஒரு மனிதரின் குரல். தொண்டையில் அது அப்படியே இருந்தது, நேற்று வைத்த சாமான் மாதிரி.

வடம் முளையில் முனகியது. கல் ஒரு சாண் இறங்கியது.

துர்கோனி நிமிர்ந்து உட்கார்ந்தார். எர்சிலியோ மறுபடி கூப்பிட்டான். இன்னொரு சாண். இன்னொன்று. கூப்பிடக் கூப்பிட இறங்கிக்கொண்டே வந்தது. கட்டைகள் கிறீச்சிட்டன, வயலின்கள் சரியாக அதற்குமேல் ஏறின. இப்படித்தான் வரவேண்டும் என்று ஒரு வருஷமாக அவன் மண்டைக்குள் கேட்டது இதுதான். கோரஸ் பாடவேண்டிய இடம் வந்தது. யாரும் பாடவில்லை. கண்ணைத் திறந்தான். இருபத்து நாலு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தார்சீஸியோ கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

யாரும் 'நில்' என்று சொல்லவில்லை. கல் பாதிச் சரிவில் நின்றது.

பின்னால் வடத்தை முளையில் கட்டுகிற சத்தம். அவசரமில்லாமல், இரண்டு முடிச்சு. பிறகு கலிஸ்தோ திரையை ஒதுக்கிக்கொண்டு மேடைக்கு வந்தான். லாம்பெர்த்தோவைத் தாண்டி, கல்லைத் தாண்டி, குழியின் விளிம்பில் வந்து குந்தினான். தம்பியின் முகத்துக்கு நேரே அவன் முகம்.

"இன்னொரு தடவ கூப்பிடு."

"அண்ணே..."

"இல்ல, வேணாம். போதும்." கலிஸ்தோவின் குரல் மிக மெதுவாக இருந்தது. "அன்னைக்குக் காலையில நீ எங்க இருந்த?"

சொல்ல ஒரு பொய் தயாராக இருந்தது. அப்பாவின் குரல் எந்த மகனுக்குத்தான் தெரியாது? கேட்டுக் கேட்டுப் படிந்தது என்று சொன்னால் போதும். ஊற்றுக்குப் போயிருந்தேன் என்று ஏற்கனவே ஊருக்கே தெரியும். நாளை மறுநாள் திரை ஏறும். கோரஸ் பாடும். மிலானிலும் பாடும். அண்ணன் நம்புவான், ஏனென்றால் நம்பத்தான் அவனுக்கும் ஆசையாக இருக்கும்.

'இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு.'

"குவியலுக்குப் பின்னால" என்றான் எர்சிலியோ.

"ஊத்துலன்னு சொன்ன."

"அப்பறம்தான் ஊத்துக்கு ஓடினேன்."

"கேக்கல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

எர்சிலியோ குழியிலிருந்து ஏறி மேடையில் நின்றான். கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நான்தான் கூப்பிட்டேன்" என்றான், கோரஸைப் பார்த்து. "அப்பா கூப்பிடல. அப்பா மாதிரி நான் கூப்பிட்டேன். விளையாட்டுக்கு. அண்ணன் கேட்டது நிஜம். அவன் விட்டது சரி. குரல் வந்தது, விட்டான்."

 வாத்தியக்காரர்களில் யாரோ வயலின் வில்லைக் கீழே போட்டு எடுத்தார்கள்.

தார்சீஸியோதான் முதலில் நடந்தார். கலிஸ்தோவின் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்லப் பார்த்தார். "நான் நீதிபதிகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கலிஸ்தோவின் தோளில் கை வைக்கப் போனார். கலிஸ்தோ தோளை நகர்த்திக்கொண்டான். கிழவர் கையை இறக்கினார். பிறகு எர்சிலியோவைப் பார்த்தார்.

"எங்க வாயில அந்த ராகத்தப் போட்டுப் பாட வச்சியே" என்றார். "ரெண்டு மாசமா."

தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேடை வடத்தில் கலிஸ்தோவுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பக்கவாசல் வழியாகப் போனார்கள். பிரோஸ்பெரோ, "ஏய், ஏய், டிக்கெட்டு வித்தாச்சுடா!" என்று கதவுவரை ஓடினார். லாம்பெர்த்தோ சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்று, பிறகு ஒப்பனை அறைக்குப் போனார்.

"என்ன ஆச்சு? வேலைநிறுத்தமா?" என்று கேட்டார் துர்கோனி. மலைப்பேச்சு அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் வேலைநிறுத்தம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

"அப்படித்தான்" என்றான் எர்சிலியோ.

"வருத்தமா இருக்கு மேஸ்ட்ரோ. அந்தக் கூப்பாடு... அது நல்லா இருந்துச்சு. நாலு ஓபராவுல அது ஒண்ணுதான்." பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஐந்து மணி வண்டிக்கு நேரம் இருந்தது.

தியேட்டர் காலியானது. மேல் ஜன்னலிலிருந்து வெயில் நாற்காலிகளின் மேல் விழுந்து, தூசியைக் காட்டியது. எர்சிலியோ திரும்பியபோது கலிஸ்தோ இன்னும் அங்கேயே இருந்தான்.

"அடிக்கணும்னா அடிச்சிருண்ணே."

"அடிச்சு?" கலிஸ்தோ கல்லைக் காட்டினான். "பாரம் சரிவுல நிக்குது."

"கட்டித்தான வச்சிருக்க. இருக்கட்டும். நாளைக்கு..."

"நாளைக்கு எவன் வருவான்? பாரத்தப் பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கில்ல. உனக்குத்தான் உண்டு." எழுந்து திரையை நோக்கி நடந்தான். பாதியில் நின்றான். "குழியில இல்ல. முன்னால போய் நில்லு."

எர்சிலியோ கோட்டைக் கழற்றிப் பியானோமேல் போட்டான். சரிவில் ஏறி, கல்லுக்கு நேர் முன்னால் நின்றான். பக்கத்தில் பார்த்தால் அது கைக்குழந்தை இல்லை. முகத்துக்கு நேரே வெள்ளையாக, குளிர்ந்து, அவன் மூச்சில் ஒரு சின்ன ஈரப் படலம் கட்டி மறைந்தது. அதற்கு அப்பால் திரை. திரைக்கு அப்பால் அண்ணன். முடிச்சு அவிழ்கிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மலையில் மூன்று வடம்; இங்கே ஒரே வடம், இப்போது ஒரே ஆள்.

அண்ணன் என்ன நினைக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்படி நின்றபோது அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை.

கூப்பிட்டான். இரண்டு படி ஏறி, நின்று, விழுந்தது. பயத்தில் அதுதான் வந்தது.

வடம் அசையவில்லை.

"அவரு செத்துட்டாரு" என்றான் கலிஸ்தோ, திரைக்குப் பின்னாலிருந்து. "நீ கூப்பிடு."

 எர்சிலியோ வாயைத் திறந்தான். வந்தது ஒரு ராகமுமில்லாத, நடுவில் உடைந்த, கரகரத்த ஒரு சத்தம். எந்தத் தியேட்டரிலும் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள்.

"விடு."

ஒன்றும் நடக்கவில்லை. 

"யாரது?"

"எர்சிலியோ."

முளையில் வடம் மெதுவாக முனகியது. கல் அவனை நோக்கி வந்தது. ஒரு சாண். நின்றது.

பின்பக்கம் ஒரு கட்டை விடுபட்டுக் கிடந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் அவனே சுற்றிப் போய் எடுத்துவந்தான். பியானோ விரல்களில் சோப்பு வழுக்கியது. குனிந்து, தலையைக் கல்லுக்குக் கீழே கொண்டுபோய், கட்டையைக் குறுக்கே போட்டான். நிமிர்ந்தான். சரிவு இன்னும் பாதி இருந்தது. மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.